கடல் பாயிண்டுகளைக் காப்பாற்ற எந்த ஃபைல் நல்லது? காசிமேட்டிலிருந்து ஒரு விமர்சனம்

கடலுக்குப் போகிற வீட்டில் நகைக்கு அடுத்தபடி பத்திரப்படுத்த வேண்டியது ஜிபிஎஸ் கருவிக்குள் இருக்கும் பாயிண்டுகள்தான். எந்தப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) மேல் சங்கரா கிடைக்கும், எங்கே மூழ்கின கப்பல் கிடந்து வலையைக் கிழிக்கும், எங்கே சேறு, எங்கே கல் என்று வருஷக்கணக்கில் சேர்ந்த அறிவு அத்தனையும் அதற்குள் எண்களாகக் கிடக்கிறது. தாத்தா காலத்தில் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்து இடம் பிடித்தார்கள். நைனா அதே இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பட்டனை அழுத்திக் கருவியில் ஏற்றினார். அண்ணன் இன்னும் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். கருவி தண்ணீரில் விழுந்தாலோ திரை செத்தாலோ அத்தனையும் போச்சு.

அதைத் தடுக்க ஒரே வழி, பாயிண்டுகளை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து வைப்பது. எந்த வகை ஃபைல் என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஜிபிஎக்ஸ், கேஎம்எல், ஃபிட் என்று பல உண்டு. ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தரும் ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருளும் உண்டு. இவை எல்லாவற்றையும் வீட்டு வேலைக்காகப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். பகலில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் ஆபீஸில் வேலை. வீட்டில் இந்தப் பாயிண்டுப் பொறுப்பு என்னுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு (விசைப்படகு) கரையில் நிற்கும், பெயிண்டும் இன்ஜின் வேலையும் நடக்கும், ஜிபிஎஸ் கருவிகள் வீட்டுக்கு வரும். இந்த வேலையைச் செய்ய அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நைனாவிடம் இருப்பது கார்மின் ஜிபிஎஸ் 72எச். அண்ணன் லாஞ்சில் வைத்திருப்பது அதே கம்பெனியின் ஜிபிஎஸ்மேப் 78எஸ். முதலாவதில் 500 பாயிண்டு வரை வைக்கலாம், இரண்டாவதில் 2000. அண்ணனுடைய கருவியை யூஎஸ்பி கேபிளில் செருகினால் லேப்டாப்பில் ஒரு டிரைவாகத் திறக்கும். உள்ளே ஜிபிஎக்ஸ் என்றே பெயர் போட்ட ஃபோல்டர் இருக்கும், காப்பி பண்ணினால் வேலை முடிந்தது. நைனாவுடையது பழைய முறை. அதுவும் யூஎஸ்பிதான், ஆனால் டிரைவாகத் திறக்காது. அதனோடு அதன் பாஷையிலேயே பேசிப் பாயிண்டுகளை வாங்க ஒரு மென்பொருள் வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு, திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தாளில் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார்கள். அதில் பல எண்கள் தப்பு. கல் இருக்கும் இடத்தில் ஒரு எண் தப்பினால் ஒரு வலை போகும். ஆயிரக்கணக்கில் நஷ்டம்.

இந்த இடத்தில்தான் ஜிபிஎஸ்பேபல் கைகொடுத்தது. ராபர்ட் லைப் என்ற நிரலாளர் தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்துவரும் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஏகப்பட்ட ஃபைல் வகைகளைப் படிக்கும். பழைய கார்மின் கைக்கருவிகளோடு நேரடியாகவும் பேசும். விண்டோஸாக இருந்தால் கார்மினின் யூஎஸ்பி டிரைவரை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் உள்ளீடு என்ற இடத்தில் கருவி என்று தேர்ந்தெடுத்து, வெளியீடு என்ற இடத்தில் ஜிபிஎக்ஸ் என்று தேர்ந்தெடுத்து, பாயிண்டு, ரூட், டிராக் மூன்றுக்கும் டிக் போட்டால் போதும். சில விநாடிகளில் நைனாவின் கடல் முழுவதும் ஒரே ஃபைலில் வந்து உட்கார்ந்துவிடும். லோரன்ஸ், ஹம்மிங்பேர்டு மாதிரி மீன் காட்டும் திரைக் கருவிகளின் ஃபைல்கள் பலவற்றையும் இது படிக்கும். முகப்பு அழகாக இருக்காது. முழுக்க ஆங்கிலம், ஏகப்பட்ட தேர்வுகள். இருந்தாலும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். காரணம், உள்ளே இருப்பதைத் தொட்டுக் கெடுக்காமல் வெளியே எடுத்துத் தருகிறது.

சரி, ஜிபிஎக்ஸுக்கு வருவோம். டோபோகிராஃபிக்ஸ் என்ற நிறுவனம் 2002இல் வெளியிட்டது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 1.1 பதிப்பு 2004இல் வந்தது. அதன் பிறகு அடிப்படை மாறவே இல்லை, எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். வருஷா வருஷம் புதுப் பதிப்பு வந்து பழைய கருவி படிக்காமல் போகும் கதை இங்கே இல்லை. நோட்பேடில் திறந்தால் உள்ளே இருப்பதைக் கண்ணால் படிக்கலாம்: பாயிண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர், குறிப்பு, நேரம். ஒருமுறை காப்பி ஆகும்போது லேப்டாப் பாதியில் அணைந்து ஃபைல் அரைகுறையாக நின்றது, எந்த ஆப்பும் திறக்க மறுத்தது. நோட்பேடில் திறந்து, கடைசியில் அறுந்து கிடந்த வரியை நீக்கி, மூடும் குறிகளைக் கையால் போட்டுச் சேமித்தேன். அதுவரை வந்திருந்த பாயிண்டுகள் அத்தனையும் பிழைத்தன. எழுத்தாகவே இருக்கும் ஃபைலில்தான் இப்படிக் கையால் சரிசெய்ய முடியும்.

ஜிபிஎக்ஸுக்குள் மூன்று வகைச் சரக்கு உண்டு. பாயிண்டு என்பது ஒற்றை இடம். ரூட் என்பது போக வேண்டிய இடங்களின் வரிசை. டிராக் என்பது போய்வந்த தடம், நேரத்தோடு. கடலில் ரூட்டுக்கும் டிராக்குக்கும் வித்தியாசம் லேசாகத்தான் தெரியும், ஏனென்றால் இரண்டு பாயிண்டுக்கு நடுவே நேர்க்கோடுதான். தரையில் விஷயம் வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகன் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு சைக்கிளில் போவான். அவன் ரூட்டாக அனுப்பினால், வாங்குகிறவர் போனில் உள்ள ஆப் தன்னிடம் இருக்கும் வரைபடத்தை வைத்துப் பாதையைப் புதிதாகக் கணக்குப் போட்டு வேறு சாலையில் கொண்டுபோய்விடக்கூடும். டிராக்காக அனுப்பினால் அவன் போன சாலை அப்படியே கோடாக விழும். போன வழியையே அடுத்தவர் பின்தொடர வேண்டுமென்றால் டிராக்கை அனுப்புங்கள்.

டிராக்கில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய கார்மின் கைக்கருவிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் பதிவை 'சேமி' என்று கொடுத்தால், கருவி இடம் மிச்சம் பிடிக்கப் புள்ளிகளைக் குறைத்து நேரத்தையும் தூக்கிவிடும். எத்தனை மணிக்கு எங்கே வலை விட்டோம் என்பது போய்விடும். அதனால் சேமிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் பதிவையே நேராக லேப்டாப்பில் இறக்குவது நல்லது.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜிபிஎக்ஸில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். விடியற்காலை 3.30க்குத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் ஃபைலில் முந்தைய நாள் இரவு 10 மணி என்று இருக்கும். தேதியே மாறிவிடும். ஆப்பில் பார்த்தால் அதுவே நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நோட்பேடில் பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் ஆட்கள் கடலில் பாயிண்டை வாயால் பரிமாறிக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: "தம்பி, பதிமூணு, சைபர் ஏழு, ஐந்நூறு. எண்பது, பதினெட்டு, மூணு சைபர். போட்டுக்கோ." எங்கள் பாயிண்டு எதையும் இங்கே எழுத மாட்டேன். இது காசிமேடு துறைமுகத்துக்கு ஒட்டின இடம், எல்லோருக்கும் தெரிந்தது. குரல் பதிவில் லாஞ்சு டிரைவர் சொல்வது டிகிரியும் மினிட்டும்: வடக்கு 13 டிகிரி 07.500 மினிட், கிழக்கு 80 டிகிரி 18.000 மினிட். கைக்கருவித் திரையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கடலில் அதற்கு அர்த்தமும் உண்டு, வடக்கு தெற்கில் ஒரு மினிட் என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். டிரைவர் மனசுக்குள்ளேயே தூரம் போட்டுவிடுவார்.

ஜிபிஎக்ஸ் ஃபைல் மினிட்டை ஏற்காது, டிகிரியைத் தசமத்தில்தான் எழுதும். மினிட்டை 60ஆல் வகுக்க வேண்டும். 7.5ஐ 60ஆல் வகுத்தால் 0.125, ஆக 13.125. 18ஐ 60ஆல் வகுத்தால் 0.3, ஆக 80.3. வகுக்காமல், கேட்டதை அப்படியே 13.075 என்றும் 80.18 என்றும் போனில் அடித்தால் என்ன ஆகும்? வடக்கு தெற்கில் மூன்று கடல் மைல் தெற்கே தள்ளிப்போகும். கிழக்கு மேற்கில் சுமார் 13 கிலோமீட்டர் மேற்கே போய், கோயம்பேட்டுக்கும் அந்தப் பக்கம் தரையில் விழும். தரையில் விழுந்தால் உடனே தெரிந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் நடுக்கடல் பாயிண்டுகளில் அப்படித் தப்பினால் கடலிலேயே வேறு இடத்தில் விழும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் எண்ணை வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஃபைலை அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஃபைலுக்குள் இந்தக் குழப்பத்துக்கே இடம் கிடையாது. கருவி மினிட்டில் காட்டினாலும், போன் தசமத்தில் காட்டினாலும், உள்ளே இருப்பது ஒரே எண். தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம், மீன்பிடிக்கு அது தாராளம். கருவியின் அமைப்பில் டேட்டம் (எண்களைப் பூமியில் பொருத்தும் அடிப்படை அளவு) என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்கிறதா என்பதையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். வேறு இருந்தால் திரையில் பார்த்துச் சொல்லும் எண் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகலாம்.

கேஎம்எல் பற்றி. கீஹோல் என்ற நிறுவனம் உருவாக்கியது, 2004இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2008இல் இது சர்வதேசத் தரமாகவும் ஆனது. கேஎம்இசட் என்றால் அதையே சுருக்கிக் கட்டியது. பார்ப்பதற்கு ரொம்ப நன்றாக இருக்கும்: கோட்டுக்கு நிறம், பாயிண்டுக்குச் சின்னம், கூகுள் எர்த்தில் திறந்தால் பழவேற்காட்டு ஏரி முதல் எண்ணூர் கழிமுகம் வரை மேலே இருந்து பார்க்கலாம். நைனாவுக்குத் தன் பாயிண்டுகளை அப்படிக் காட்டினபோது ரொம்ப நேரம் திரையை விட்டு நகரவே இல்லை. ஆனால் காட்டுவதற்குத்தான் கேஎம்எல், கருவியில் ஏற்றி ஓட்டுவதற்கு இல்லை. சாதாரணக் கோடாகச் சேமித்தால் நேரம் இருக்காது. ரூட் என்ற கருத்தும் அதில் கிடையாது. அதோடு, கேஎம்எல்லில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. இணையத்தில் வரைபடம் செய்கிறவர்கள் பயன்படுத்தும் ஜியோஜேசனிலும் அப்படித்தான். நோட்பேடில் கையால் எழுதுகிறவர்கள் 13.1, 80.3 என்ற பழக்கத்தில் போட்டுவிட்டால் நம் வங்கக்கடல் பாயிண்டு நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேலே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

ஃபிட் கார்மின் வாட்ச்களிலும் சைக்கிள் கருவிகளிலும் வருவது. நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது, கணினிக்கு மட்டும் புரியும் எண் வடிவம். இடம் கொஞ்சமாகப் பிடிக்கும், இதயத் துடிப்பு, சுற்று எல்லாம் உள்ளே இருக்கும். உடற்பயிற்சிக்கு நல்லது. ஜிபிஎஸ்பேபல் இதையும் ஜிபிஎக்ஸாக மாற்றும், ஆனால் சுற்றுக் கணக்கெல்லாம் கழன்றுபோகும். அவை வேண்டுமென்றால் டிசிஎக்ஸ் வகையில் எடுக்கலாம். கடல் பாயிண்டுக்கு இவை இரண்டும் தேவையில்லை.

ஜிபிஎக்ஸில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் குறை, ஆழத்துக்கு அதில் இடம் கிடையாது. உயரத்துக்கு மட்டும் இடம் உண்டு, மலை ஏறுகிறவர்களை நினைத்துச் செய்ததாகத் தெரிகிறது. ஆழத்தைக் கார்மின் தன் கூடுதல் பகுதியில் வைக்கிறது. கூடுதல் பகுதி என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொள்வது. அதைச் சில ஆப்கள் வைத்துக்கொள்ளும், சில சொல்லாமலே தூக்கிப்போட்டுவிடும். அதனால் நான் ஆழத்தைக் குறிப்புப் பகுதியில் எழுத்தாகவே போடுகிறேன்: "18 பாகம், கல், வாடைக் காத்துல நல்லாருக்கும், இழுவை வேண்டாம்." பாகம் என்பது நம் ஆட்கள் ஆழத்தைச் சொல்லும் அளவு. பெயரையும் குறிப்பையும் பெரும்பாலான ஆப்கள் விடாது. ஃபைல் யூனிகோட் என்பதால் தமிழிலேயே எழுதலாம், போனில் தமிழிலேயே வரும். பழைய கருவிக்குத் தமிழும் தெரியாது, நீளமான பெயரும் தாங்காது. எனவே பெயரை ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்து, விஷயத்தைத் தமிழில் குறிப்பாக வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அடுத்த குறை வேகம். பழைய 1.0 பதிப்பில் வேகத்துக்கென்று தனி இடம் இருந்தது, 1.1இல் எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு இழுவை வேகம் தெரிய வேண்டும். டிராக்கில் நேரம் இருந்தால் இரண்டு புள்ளிகளை வைத்து ஆப் கணக்குப் போட்டுவிடும், அதனால் பெரிய தொல்லை இல்லை. நேரம் இல்லாத டிராக்கில் ஒன்றும் செய்ய முடியாது.

போனில் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டுமே ஜிபிஎக்ஸைத் திறக்கின்றன, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்கின்றன. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டவர் போய்விடும், ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் வருவது, அதற்கு நெட் வேண்டாம். அண்ணன் ஆஸ்மாண்ட் பக்கம், டிராக்கைப் பதிவு செய்து ஜிபிஎக்ஸாகவே வெளியே தருவதால். எனக்கு ஆர்கானிக் மேப்ஸ் எளிமையாக இருக்கிறது. கூகுள் மேப்ஸ் ஆப்பில் ஜிபிஎக்ஸைத் திறக்க முடியாது, அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உப்புத் தண்ணீருக்கு நடுவே கைக்கருவியைத்தான் நம்புவேன். போன் இரண்டாவது காப்பிக்கு.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். சில போன்களில் வாங்கி இறக்கும்போது பெயரின் கடைசியில் எக்ஸ்எம்எல் என்று ஒட்டிக்கொண்டுவிடும், ஆப் திறக்க மறுக்கும். அந்த ஒட்டை நீக்கிப் பெயரை மாற்றினால் திறக்கும். நேராகத் தட்டித் திறப்பதைவிட ஆப்புக்குள் போய் இறக்குமதி கொடுப்பது நிச்சயம்.

அனுப்புவதற்கு முன்னால் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். ஒரு பாயிண்டைக் கொடுப்பதற்காகக் கருவியின் முழு ஃபைலையும் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதில் மூன்று தலைமுறை பார்களும், எந்த நாள் எத்தனை மணிக்கு எங்கே நின்றோம் என்ற தடமும் சேர்ந்து போய்விடும். ஒரு தடவை வெளியே போனது திரும்பி வராது. வேண்டிய பாயிண்டை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்து அனுப்புங்கள். அதே சமயம், வலை கிழிக்கும் கல்லும் மூழ்கின கப்பலும் எங்கே என்பதை ஒளிக்க வேண்டாம் என்பது நைனாவின் கட்டளை. "மீன் பாயிண்டு நம்மளுது. ஆபத்துப் பாயிண்டு எல்லாருக்கும் பொது. அத்த கேட்டா குடுத்துடு பாப்பா." அதனால் எங்கள் வீட்டில் இரண்டு ஜிபிஎக்ஸ் ஃபைல். ஒன்று பூட்டி வைத்தது, ஒன்று கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பது.

காப்பி எங்கே வைப்பது என்றும் கேட்பார்கள். லேப்டாப்பில் ஒன்று, தனியாக ஒரு பென்டிரைவில் ஒன்று, என் மெயிலுக்கே அனுப்பி வைத்தது ஒன்று. ஃபைல் பெயரில் தேதி இருக்க வேண்டும், பழையதை அழிக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான பாயிண்டுகள் இருந்தாலும் ஒரு போட்டோ அளவுகூட இடம் பிடிக்காது.

யூஎஸ்பி இல்லாத, வட்டமான பின் வைத்த இன்னும் பழைய கருவி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. அதையும் ஜிபிஎஸ்பேபல் படிக்கும். கருவிக்கான சீரியல் கேபிளும், சீரியலிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிளும் வேண்டும். மாற்றுக் கேபிள் ரிச்சி தெருவில் கிடைக்கும், கருவியின் கேபிளைத்தான் அலைந்து தேட வேண்டும். கருவியின் இன்டர்ஃபேஸ் அமைப்பில் என்எம்இஏ என்று இருந்தால் இப்போது நிற்கும் இடத்தை மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருக்கும், சேர்த்து வைத்த பாயிண்டுகள் வராது. அதைக் கார்மின் என்று மாற்றின பிறகு லேப்டாப்பில் சரியான போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரியைப் புதிதாகப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், நடுவில் அணையக் கூடாது.